மஞ்சள் வெங்காயம் ஏன் நத்தாருக்கு முன்பே முளைக்கிறது?

ஒன்ராறியோவில் வீட்டின் பின்வளவில் மஞ்சள் வெங்காயம் பயிரிட்டதாகவும், ஓகஸ்ட் மாதத்தில் நல்ல விளைச்சல் கிடைத்ததாகவும், ஆனால் நத்தாருக்கு முன்பே பாதிக்கு மேல் முளைத்தும் கழுத்தடியில் அழுகியும் போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டில் வெங்காயத்தைப் பிடியாகக் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததே, இவ்வளவு குளிர் இருந்தும் இங்கே ஏன் நிற்கவில்லை என்றும், நிற்கும் வெங்காயத்தை எந்தச் சமையலுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, வெங்காயம் நிற்பதும் நிற்காததும் வைக்கும் இடத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை என்பதே. எந்த இனத்தை நட்டீர்கள், கடைசி ஆறேழு வாரங்களில் பசளையையும் தண்ணீரையும் எப்போது நிறுத்தினீர்கள், கழுத்து எவ்வளவு காய்ந்த பிறகு தாளை வெட்டினீர்கள் என்ற மூன்றிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. வைக்கும் அறை அதன் பின்னர்தான் வருகிறது.

இனத்திலிருந்து தொடங்குவோம். வெங்காயச் செடிக்குக் குமிழ் வைக்கும் காலத்தை உணர்த்துவது பகற்பொழுதின் நீளம். 12 மணி நேரப் பகலே போதுமான குறும்பகல் இனங்களும், பகல் 14 மணி நேரத்தைத் தாண்டினால்தான் குமிழ் வைக்கும் நெடும்பகல் இனங்களும், இவற்றுக்கு இடைப்பட்டவையும் உள்ளன. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 12¾ மணி நேரத்தை எட்டுவதில்லை. ரொறன்ரோவிலோ மே மாதத் தொடக்கத்திலேயே பகல் 14 மணி நேரமாகி, ஜூன் 21 அளவில் 15 மணி 25 நிமிடத்தைத் தொட்டுவிடும். ஆகவே ஊரிலிருந்து அன்போடு கொடுத்தனுப்பிய விதையை இங்கே நட்டால், செடி நாலைந்து தாள் விடுவதற்குள்ளேயே பகல் நீண்டுவிட, நெல்லிக்காய் அளவில் குமிழ் வைத்து ஓய்ந்துவிடும். இங்குள்ள மஞ்சள் வெங்காய விதையை யாழ்ப்பாணச் செம்மண்ணில் விதைத்தால் தாள் செழித்து வளரும், ஆனால் கடைசிவரை குமிழ் வைக்காது. இது கைப்பழக்கத்தால் சரிசெய்யக்கூடிய குறையன்று; விதைப் பையில் 'நெடும்பகல்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே ஒரே வழி.

நெடும்பகல் இனம் என்றால் எல்லாமே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். வாலா வாலா, எய்ல்சா கிரெய்க் போன்றவை இங்கே மிகப் பெரிதாக விளையும், பச்சையாகத் தின்ன இனிக்கும். ஆனால் நீர்ச்சத்து மிகுந்து, தோல் மெல்லியதாய், கழுத்துத் தடித்து இருப்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு மேல் நிற்பதில்லை. கண்காட்சிக்கு வைக்கத்தக்க அளவில் வெங்காயம் விளைந்தது என்று மகிழ்ந்தவர்கள் பலர் நவம்பரில் ஏமாறுவதற்கு இதுவே காரணம். சேமிப்புக்கென்று வளர்க்கப்படும் மஞ்சள் இனங்கள் நடுத்தர அளவானவை, இறுக்கமானவை, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல சருகுத் தோல்கள் கொண்டவை, காரமானவை. வீட்டுத் தோட்டக்காரரிடையே நெடுங்காலம் பேர் பெற்றிருந்த கொப்ரா என்ற கலப்பினத்தின் இடத்தை இப்போது பற்றர்சன் பிடித்திருக்கிறது; கோர்ட்லண்ட் என்பதும் அதே வகையினது. விதையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ள விரும்புவோர் யெல்லோ குளோப் டன்வர்ஸ், நியூ யோர்க் ஏர்லி போன்ற கலப்பில்லாத பழைய இனங்களைத் தேடலாம். ஒரே ஓர் இனம் சொல் என்றால் நான் பற்றர்சன் என்றே சொல்வேன். வைக்கும் இடம் குளிராகவும் உலர்வாகவும் இருந்தால் அது அடுத்த வசந்தம் வரை தயங்காமல் நிற்கும்.

வசந்தத்தில் கடைகளில் வலைப்பையில் விற்கும் சிறு விதை வெங்காயத்தை நட்டிருந்தீர்கள் என்றால், உங்கள் இழப்பில் ஒரு பங்குக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவை முந்திய ஆண்டில் நெருக்கமாக விதைத்துச் சிறிதாகவே பிடுங்கிக் காயவைத்தவை. அதாவது நடும்போதே வாழ்வின் இரண்டாம் ஆண்டில் இருப்பவை. வெங்காயம் இரண்டாம் ஆண்டில் பூக்கும் பயிர். விட்டம் 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட விதை வெங்காயத்தை நட்டபின் சில வாரங்கள் 10 பாகைக்குக் கீழே குளிர் நீடித்தால், அது குமிழைப் பெருக்குவதை விட்டுப் பூத்தண்டு விடத் தொடங்கும். பூத்தண்டு விட்ட வெங்காயத்தின் நடுவில் கட்டையான தண்டு ஓடுவதால் அது சேமிப்புக்கு உதவாது. உடனே சமைத்துவிட வேண்டும். விதை வெங்காயந்தான் வசதி என்றால், பையிலிருந்து சிறியவற்றை மட்டும் பொறுக்கி நடுங்கள், பெரியவற்றைத் தாளுக்காகத் தனியே நட்டுவிடுங்கள். ஆனாலும் நீண்ட காலம் வைத்திருக்கவென்று பயிரிடுபவருக்கு விதையிலிருந்து நாற்று எடுப்பதே மேலானது.

வெங்காய விதையின் முளைதிறன் விரைவில் குன்றும். ஆண்டுதோறும் புதிதாக வாங்குவது நல்லது. பெப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ வீட்டுக்குள் தட்டில் விதைத்து, முளைத்ததும் விளக்குக்கு அருகில் வைத்து, தாள் நீண்டு சாயத் தொடங்கும்போது கத்தரிக்கோலால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி விடுங்கள். வெட்டிய தாள் முட்டைப் பொரியலுக்கு ஆகும். ஏப்ரல் கடைசியில், நிலம் வேலை செய்யும் அளவுக்கு உலர்ந்ததும், ஒரு வாரம் வெளிக்குளிருக்குப் பழக்கி நடலாம். இலேசான உறைபனியை நாற்று தாங்கும். தக்காளியோடு சேர்த்து மே கடைசியில் நடலாம் என்று பொறுத்திருப்பதுதான் இங்கே அதிகம் காணும் பிழை. குமிழின் ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பகுதியே. பகல் நீண்டு குமிழ் வைக்கத் தொடங்கும் வேளையில் செடியில் எத்தனை தாள் இருக்கிறதோ, வெங்காயம் அதற்கு ஏற்ற அளவில்தான் பருக்கும். நாட்காட்டி உங்களுக்காகக் காத்திராது. ஏப்ரலில் கிடைக்கும் ஒவ்வொரு வாரமும் தாளாகி, தாள் வளையமாகிறது.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவிலிருந்து 400ஆம் இலக்க நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது கரிய மண் பரந்து கிடக்கும் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். 1925க்கும் 1930க்கும் இடையில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துப் பயிர்நிலமாக்கிய சதுப்பு அது. இலைதழை மக்கிய அந்த மண்ணில் வெங்காயமும் கரட்டுமே முதன்மைப் பயிர்கள். நம் பின்வளவுகளில் பெரும்பாலும் இறுகிய களிமண்தான். வெங்காய வேர் மேலோட்டமானது, நார் போன்றது, ஆழப் போகாதது. ஆகவே களிமண்ணைக் கிளறுவதை விட, அதன்மேல் ஒரு சாண் உயரப் பாத்தி கட்டி, நன்கு மக்கிய கூட்டுப்பசளை கலந்து நடுவது பலன் தரும். நாற்றுக்கு நாற்று 10 சென்ரிமீற்றர், வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர் இடைவெளி போதும். இதைவிட அகலமாக நட்டால் காய் பெருக்கும், கழுத்தும் தடிக்கும். சேமிப்புக்கு அது வேண்டாம்.

வளரும் பருவத்தில் வெங்காயத்துக்குப் பசி அதிகம். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து ஜூன் பிற்பகுதி வரை இரண்டு மூன்று தடவை தழைச்சத்துக் கொடுக்கலாம். குமிழ் பருக்கத் தொடங்கிவிட்டது என்பதற்கு அறிகுறி, அடிப்பகுதியைச் சுற்றியுள்ள மண் வெடித்து விலகுவதாகும். அதைக் கண்ட நாளிலிருந்து தழைச்சத்தை முற்றாக நிறுத்திவிட வேண்டும். ஜூலையில் செடி சற்று வெளிறுகிறதே என்று இரக்கப்பட்டு இன்னொரு பிடி பசளை போட்டால், செடி முதிர மறுத்துப் புதுத்தாள் விட்டுக்கொண்டே இருக்கும், கழுத்து மூடாது. அழுகலின் வேர் அங்கேதான். தண்ணீரும் அப்படியே: மழையோடு சேர்த்து வாரத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்ரிமீற்றர் குமிழ் பருக்கும் வரை தவறாமல் வேண்டும், தாள்கள் சாயத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். களையை விட்டு வைக்காதீர்கள். வெங்காயத்தின் தாள் நிழல் தருவதில்லை என்பதால் களை அதைச் சுலபமாக வென்றுவிடும். ஆழமாகக் கொத்தினால் வேர் அறும், கையால் பிடுங்குவதே முறை.

பூச்சி நோய்களில் வெங்காய ஈயின் புழு மே மாதத்தில் நாற்றின் அடியைத் தின்று வாட வைக்கும். மெல்லிய வலைத்துணியால் பாத்தியை மூடுவதும் ஆண்டுதோறும் இடம் மாற்றி நடுவதும் பெரும்பாலும் போதும். 1993இல் ஒட்டாவாப் பகுதியில் முதன்முதல் காணப்பட்ட லீக்ஸ் அந்துப்பூச்சி பின்னர் பரவியிருக்கிறது. அதற்கும் அதே வலைத்துணிதான் காப்பு. வெப்பமும் வறட்சியும் கூடிய ஜூலையில் இலைப்பேன் தாளை வெள்ளிப் புள்ளியாக்கும். தாளின் கவட்டில் படும்படி தண்ணீரை வீசி அடித்தால் குறையும்.

இனி, நீங்கள் கேட்ட கேள்வியின் மையம். ஜூலைக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதிக்குள் தாள்கள் கழுத்தில் மடிந்து தாமாகச் சாயும். செடி தன் வேலையை முடித்துக் கழுத்தை மூடுகிறது என்பதே அதன் பொருள். பாத்தியில் பாதிக்கு மேல் சாய்ந்ததும், ஒரு வார காலத்தில், உலர்ந்த காலநிலை பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். எஞ்சி நிற்பவற்றைக் காலால் மிதித்துச் சாய்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது கழுத்தைக் காயப்படுத்தி நோய்க்கு வழிவிடுவது தவிர வேறொன்றும் செய்யாது. பிடுங்கியதில் ஒட்டிய மண்ணை உதறி வைத்தால் போதும், ஒருபோதும் கழுவக் கூடாது, ஒன்றோடொன்று மோதும்படி வாளியில் போடவும் கூடாது. முட்டையைக் கையாள்வது போலக் கையாள வேண்டும் என்று சொல்வது மிகையல்ல. அன்று பட்ட அடி கண்ணுக்குத் தெரியாது, டிசம்பரில் மெத்தென்ற புள்ளியாக வெளிப்படும்.

பிடுங்கிய வெங்காயத்தைத் தாளோடும் வேரோடும் நிழலான, காற்றோட்டமான இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி மூன்று நாலு வாரம் காயவிட வேண்டும். கராஜில் கம்பிவலையை இரண்டு மரக்குற்றிகளின்மேல் வைத்துப் பரப்பினால் அடியிலும் காற்றுப் போகும். ஒரு மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் சுழலவிடுவது ஓகஸ்ட் மாத ஈரப்பதத்துக்கு நல்ல மருந்து. வெப்பம் 25 முதல் 30 பாகை வரை இருந்தால் சிறப்பு. நேர் வெயிலில் கொங்கிறீற் தரையில் பரப்பினால் ஒரு பக்கம் வெந்துவிடும். இந்த வாரங்களில் தாளில் மிஞ்சியிருக்கும் சாரம் குமிழுக்குள் இறங்குகிறது, வெளித்தோல்கள் செம்பு நிறமாகிச் சரசரக்கத் தொடங்குகின்றன, கழுத்து ஒடுங்கி மூடுகிறது. அதற்கு முன்பே அழகுக்காகத் தாளை வெட்டிவிட்டால், திறந்த ஈரக் கழுத்தின் வழியே பொட்றைற்றிஸ் என்ற பூஞ்சணம் உள்ளே இறங்கும். அது உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. எட்டுப் பத்து வாரம் கழித்து, வெளியே வெங்காயம் நன்றாகவே இருக்க, கழுத்தடியை அமுக்கினால் உள்ளே வெந்த வெங்காயம் போலப் பழுப்பாகக் குழைந்திருக்கும். நத்தாருக்கு முன் கழுத்தடியில் அழுகியது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே இதுதான் என்று எண்ணினேன். ஓகஸ்டில் நடந்ததை நீங்கள் டிசம்பரில் கண்டிருக்கிறீர்கள்.

கழுத்துக் காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு நல்ல சோதனை உண்டு. குமிழுக்குச் சற்று மேலே கழுத்தைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து உருட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது போலத் தோன்றினால் ஈரம் இன்னும் இருக்கிறது. காகிதச் சுருளைப் போல வறண்டு, வழுக்காமல் நொறுங்கினால் காய்ந்துவிட்டது. அப்போது கழுத்தை 2 அல்லது 3 சென்ரிமீற்றர் விட்டுத் தாளை வெட்டி, வேரையும் கத்தரித்து விடலாம். அந்த நேரத்திலேயே மூன்று குவியலாகப் பிரித்துவிடுங்கள்: கழுத்துத் தடித்தவை, அடிபட்டவை, பூத்தண்டு விட்டவை எல்லாம் முதலில் சமைக்க, பெரியவை அடுத்து, நடுத்தர அளவில் இறுகி, கழுத்து ஒடுங்கியவை கடைசிக்கு. ஓர் அழுகல் பக்கத்திலுள்ளதையும் கெடுக்கும் என்பதால், இந்தப் பிரிப்பு இல்லாமல் மொத்தமாக ஒரு பையில் போட்டால், மற்ற எல்லாக் கவனமும் வீண்.

இப்போது அம்மம்மாவின் வெங்காயத்துக்கு வருவோம். வெங்காயம் காய்ந்தபின் சில காலம் உறங்குகிறது. அந்த உறக்கத்தைக் கலைப்பது வெப்பமும் அல்ல, குளிரும் அல்ல. இரண்டுக்கும் நடுவிலான இதமான நிலை. 0 பாகைக்கு அருகில் வைத்தால் முளை அடங்கிக் கிடக்கும். 25 முதல் 30 பாகை வரையிலும் அடங்கிக் கிடக்கும். 10 பாகைக்கும் 20 பாகைக்கும் இடையில்தான் விரைந்து முளைக்கும். யாழ்ப்பாணத்தில் பிடி கட்டித் தொங்கவிட்ட வெங்காயம், தாள் காய்ந்து, நாற்புறமும் காற்றுப் பட்டு, அந்த வெப்ப எல்லைக்குள்ளேயே இருந்ததால் நின்றது. கொஞ்சம் வாடும், எடை குறையும், முளைக்காது. இங்கே நம் வீடுகளின் நிலக்கீழ் அறை பனிக்காலத்தில் பெரும்பாலும் 15 முதல் 18 பாகையில் இருக்கிறது. 'கீழே குளிர்தானே' என்று நாம் நினைக்கும் அந்த இடம், வெங்காயத்தை எழுப்பிவிடுவதற்கென்றே அமைந்தது போன்றது.

ரொறன்ரோப் பகுதியின் பல வீடுகளில் முன்வாசல் திண்ணைக்குக் கீழே கொங்கிறீற் சுவர்கொண்ட குளிர் அறை ஒன்று இருக்கும். அதுவே சிறந்த இடம். பனிக்காலத்தில் 0 முதல் 5 பாகைக்குள் அது இறங்கும். ஆனால் சுவரில் ஈரம் கசியும். வெங்காயத்துக்கு ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காடு போதும், அதற்கு மேல் போனால் அடியில் வேர் விடும், தோலில் பூஞ்சணம் படியும். ஆகவே சுவரைத் தொடாமல், தரையில் வைக்காமல், வலைப்பையில் தொங்கவிடுங்கள். அறையின் காற்றுத் துவாரத்தை அடைத்து வைக்காதீர்கள். உருளைக்கிழங்கு ஈரமான இடத்தை விரும்புவது, அப்பிள் வெங்காயத்தின் மணத்தை இழுத்துக்கொள்வது. இரண்டையும் வேறு இடத்தில் வையுங்கள். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் அந்த அறை இன்னும் இதமாகவே இருப்பதால், வெளிக்குளிர் வரும்வரை வெங்காயத்தைக் கராஜிலேயே விட்டுவிட்டு நவம்பரில் மாற்றுவது நல்லது. கராஜில் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உறைந்த வெங்காயம் உருகியதும் நீர் விட்டுக் குழைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டி முழு வெங்காயத்துக்கு ஈரம் மிகுந்த இடம். வெட்டியதை மட்டும் மூடிய பாத்திரத்தில் அங்கே வையுங்கள்.

கடையில் வாங்கும் 10 இறாத்தல் மஞ்சள் வெங்காயப் பை அடுக்களையிலேயே நெடுநாள் கிடக்கிறதே என்று ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். வணிகப் பயிருக்குத் தாள் சாயும் பருவத்தில், இன்னும் பச்சையாக இருக்கும்போதே, மாலிக் ஹைட்ரசைட் என்ற முளையடக்கி தெளிப்பது வழக்கம். அந்த உதவியின்றி உங்கள் வெங்காயம் மார்ச் வரை நின்றால் அதுவே பெரிய காரியம்.

சமையலுக்கு வருவோம். சேமிப்பு மஞ்சள் வெங்காயத்தைக் கையில் எடுத்ததுமே அதன் இறுக்கம் தெரியும். நீர் குறைவு, திடப்பொருள் அதிகம், கந்தகச் சேர்மங்கள் அதிகம். இதிலிருந்து வேண்டிய எல்லாவற்றையும் ஊகித்துக்கொள்ளலாம். இனிப்பு வெங்காயத்தை விட இதில் சீனி குறைவு என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியல்ல, காரம் அதை மறைத்து நிற்கிறது. சூட்டில் காரம் அகன்றதும் உள்ளிருந்த இனிப்பு வெளிப்படும். ஆகவே நெடுநேரம் வேகும், வதங்கும், பொரியும் எதற்கும் இதற்கு இணையில்லை. பச்சையாகத் தின்பதற்கு இது ஏற்றதல்ல. தயிர்ப் பச்சடிக்கு வேறு வெங்காயம் இல்லையென்றால், மெல்லியதாக அரிந்து குளிர்ந்த உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுப் பிழிந்து எடுங்கள். காரத்தின் கூர்மை தணியும். தேங்காய்ச் சம்பலுக்கு நான் இதைச் சேர்ப்பதில்லை.

அரியும்போது கண்ணெரிச்சல் மற்றவற்றை விட அதிகமாகவே இருக்கும். வெங்காயத்தின் கலங்கள் உடையும்போது ஒரு நொதியம் கந்தகச் சேர்மத்தை மாற்ற, இன்னொரு நொதியம் அதிலிருந்து கண்ணீர் வரவழைக்கும் வாயுவை உண்டாக்குகிறது. இந்த இரண்டாவது நொதியத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல்தான் கண்டறிந்தார்கள். குளிர் நொதியத்தை மந்தமாக்கும், கூரிய கத்தி குறைவான கலங்களையே நசுக்கும். அதனால் குளிர் அறையிலிருந்து நேரே எடுத்து வந்து, தீட்டிய கத்தியால், வேர்ப்பக்கத்தைக் கடைசியில் வெட்டுவதே போதுமான பரிகாரம்.

இந்த வெங்காயத்தின் முழு அருமையும் தெரிவது சீனிச் சம்பலில். ஒரு கிலோ வெங்காயத்தை நீளவாக்கில், அதாவது கழுத்திலிருந்து வேர் நோக்கி, மெல்லியதாக அரிந்துகொள்ளுங்கள். குறுக்கே அரிந்தால் நார் அறுந்து விரைவில் குழையும். அடி தடித்த சட்டியில் எண்ணெய் விட்டுக் கறுவா, ஏலம், இரம்பை, கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தையும் உப்பையும் போட்டு, முதல் பத்து நிமிடம் மூடி வையுங்கள். உப்பு நீரை வெளியே இழுக்க, வெங்காயம் தன் நீரிலேயே வெந்து கண்ணாடி போலாகும். பிறகு மூடியை எடுத்துவிட்டு இளந்தணலில் விடுங்கள். முதலில் நீர் கொதிக்கும் கனத்த ஓசை கேட்கும். நீர் வற்றியதும் எண்ணெய் சிணுங்கும் மெல்லிய ஓசையாக அது மாறும். நிறம் ஏறத் தொடங்குவது அந்த மாற்றத்துக்குப் பிறகுதான், அதுவரை தணலைக் கூட்டுவதில் பயனில்லை. அடியில் பிடிக்கும் பழுப்பை ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டிச் சேர்த்துக்கொண்டே போனால், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்தில் முழுவதும் செம்பழுப்பாகி, அளவு மூன்றிலொரு பங்கு ஆகிவிடும். செத்தல் மிளகாய்த் தூளும் இடித்த மாசிக்கருவாடும் புளிக்கரைசலும் சேர்த்து வற்றவிட்டு, சீனியைக் கடைசியில் போடுங்கள். பெரிய சிவப்பு வெங்காயத்துக்குப் போடும் சீனியில் பாதியே இதற்குப் போதும்; ருசி பார்த்துத்தான் கூட்ட வேண்டும். விரைவுக்காக அப்பச்சோடா போடும் முறை உண்டு. நிறம் சீக்கிரம் ஏறும் என்பது உண்மை, ஆனால் வெங்காயம் கூழாகிவிடும். சம்பலுக்கு இழை வேண்டும் என்பதால் அதை நான் விலக்குகிறேன்.

இறைச்சிக் கறிக்கும் குருமாவுக்கும் இதே வதக்கலைப் பாதியில், பொன்னிறத்தில் நிறுத்திவிட்டால் குழம்பு தானாகவே கெட்டிப்படும்; முந்திரியோ மாவோ தேவைப்படாது. நீர் குறைவாக இருப்பதால் பிரியாணிக்கு மேலே தூவும் பொரித்த வெங்காயத்துக்கும் இது மிக ஏற்றது. சீரான தடிப்பில் அரிந்து, மிதமான சூட்டில் பொரித்து, நீங்கள் விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்பே வடித்துவிடுங்கள். வடித்த பின்னும் நிறம் ஏறும். பகோடாவுக்கு உப்புப் பிசறிப் பத்து நிமிடம் வைத்தால் விடும் நீரிலேயே கடலைமாவைப் பிசையலாம். சாம்பாரில் முழுதாகப் போடும் சின்ன வெங்காயத்துக்கு மட்டும் இதை மாற்றாக நினைக்க வேண்டாம். துண்டாக வெட்டினால் இதழ் இதழாகப் பிரிந்துவிடும், சுவையும் வேறு. அதற்கு இங்கே கிடைக்கும் ஷலட் நம் சின்ன வெங்காயத்தின் நெருங்கிய உறவு.

பெப்ரவரி, மார்ச்சில் மாதத்துக்கு இரு முறை பைகளைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று ஆனவற்றை உடனே எடுத்து, நல்ல பகுதியை அரிந்து உறைபெட்டியில் இட்டுவிட்டால் வதக்கலுக்குக் குறையில்லை. முளை விட்டதும் எறிய வேண்டியதில்லை; வெங்காயம் இறுக்கமாக இருந்தால் முளையோடு சேர்த்தே சமைக்கலாம். அதையும் தாண்டி முளைத்துவிட்டவற்றை ஏப்ரலில் பாத்தியின் ஓரத்தில் நட்டுவிடுங்கள். கலப்பினமானால் அதன் விதையிலிருந்து அதே வெங்காயம் வராது, விதைக்காக வைப்பதில் பொருளில்லை. ஆனால் ஜூன் மாதத்தில் ஒவ்வொன்றும் பல பூத்தண்டுகள் விடும். மொட்டு விரிவதற்கு முன், தண்டு நகம் பதியும் இளமையில் இருக்கும்போது ஒடித்து, பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் மஞ்சளும் சேர்த்து வெங்காயப்பூ வறை செய்யலாம். மொட்டு வெடித்த பின் தண்டு நாராகிவிடும் என்பதால், அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது பாத்தியைப் பார்த்துவிடுங்கள்.